பாம்பண்ணன் லைனில் இருக்கிறார்

அமீரகத்திலேயே பெரிய பயந்தாங்கொள்ளி யார் என்று போட்டி வைத்தால், பாம்பண்ணன் அலட்டிக்கொள்ளாமல் முதல் பரிசை வாங்கிக்கொண்டு போய்விடுவார். மலைப்பாம்பு வளர்க்கிறவர் எப்படிப் பயந்தாங்கொள்ளி ஆவார் என்று கேட்பீர்கள். ஆவார். வாரா வாரம் என் காதால் கேட்டிருக்கிறேன்.

துபாயில் ஓர் அரபு முதலாளியின் அலுவலகத்தில் எனக்குக் கணக்கு வேலை. வீடு அஜ்மானில், போக வர பஸ். முதலாளிக்கு ஷார்ஜாவைத் தாண்டி மணல்காட்டில் ஒரு பண்ணை உண்டு. ஆடுகள், மயில்கள், அப்புறம் முறையாக அனுமதி வாங்கி வளர்க்கும் ஒரு மலைப்பாம்பு. ஆளுயரத்துக்குக் கொஞ்சம் கூடுதல் நீளம். ராசாத்தி என்று பெயர் வைத்தவர் பாம்பண்ணன். புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஆடு பார்க்க வந்த அவரிடம், “யல்லா, இதையும் பார்” என்று கொடுத்துவிட்டார்கள்.

பாம்பைப் பார்க்க வந்த மிருக வைத்தியர் போகிறபோது ஒரு விதி சொல்லிவிட்டுப் போனார்: இந்த அளவு பாம்பைத் தனியாகத் தொடக்கூடாது, கூட இன்னொரு ஆள் வேண்டும். பண்ணையிலோ மொத்தமே ஓர் ஆள். பாம்பண்ணன் முதலாளியிடம் போய் நின்றார். “மாஃபி முஷ்கில், ஒரு பிரச்சினையும் இல்லை! ஆபீஸில் மதராஸி மேடம் இருக்கிறார், அவருக்குப் போன் பண்ணு” என்றார் முதலாளி. கலாஸ், முடிந்தது கதை! பி.காம். படித்த நான் பாம்புக்கு இரண்டாவது ஆள் ஆகிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை அரை நாள் வேலை. மதியம் நான் பஸ்ஸில் உட்கார்ந்ததும் போன் அடிக்கும். அன்றுதான் கூண்டு கழுவும் நாள்.

“மேடம், லைன்ல இருங்க. ராசாத்தியத் தூக்கப் போறேன். விதியச் சொல்லுங்க.”

“அண்ணே, போன வாரம்தானே சொன்னேன்?”

“சொன்னாத்தான் கதவத் தொறப்பேன்.”

சுற்றிலும் ஆட்கள் முறைக்க, வைத்தியர் எழுதிக்கொடுத்திருந்த விதிகளை நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஒப்பிப்பேன். கையை சோப்புப் போட்டுக் கழுவணும். இரை தின்ற மறுநாள் தூக்கக்கூடாது. முதலில் கம்பியால் மெதுவாகத் தொட்டு, இது சாப்பாட்டு நேரமில்லை என்று தெரியப்படுத்தணும். கழுத்தில் மாலை மாதிரி போடக்கூடாது. சுற்றிக்கொண்டால் வாலிலிருந்து அவிழ்க்கணும். கடித்தால் இழுக்கக்கூடாது, இழுத்தால் அதன் பல் ஒடிந்து கையிலேயே தங்கிவிடும்.

“சானிடைசர்?” என்பார், பரீட்சை வாத்தியார் மாதிரி.

“கடிச்சது விடலன்னா அது வாயோரத்துல ஒரு சொட்டு. போதுமா சாமி?”

போனை ஸ்பீக்கரில் போட்டுத் தீவன டப்பா மேல் வைத்துவிட்டு உள்ளே போவார். “வாடி என் கண்ணு… மேடம், இருக்கீங்கல்ல?” மூச்சுக்கு ஒரு தடவை இதையே கேட்பார். கூண்டைப் பூட்டியதும் “ஆச்சு மேடம்” என்பார். எனக்கும் அப்போதுதான் மூச்சு வரும்.

ஒரு வெள்ளிக்கிழமை வந்ததே வினை! பக்கத்துப் பண்ணையில் கல்யாணம். ஒரு தாம்பாளம் நிறையக் கோழி மந்திச் சோறு கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். நம்மவர் ஒரு பிடி பிடித்துவிட்டு, விரலையும் நன்றாக நக்கிவிட்டு, குழாயில் வெறும் தண்ணீரைக் காட்டியிருக்கிறார். சோப்புத் தீர்ந்துபோச்சாம். அதை என்னிடம் சொல்லவும் இல்லை. ராசாத்திக்குக் கை தெரியுமா, கறி தெரியுமா? மணம்தான் தெரியும்.

‘ஐயோ’ என்று ஓர் அலறல். தீவன டப்பா உருளும் சத்தம்.

“மேடம்! கையக் கவ்விருச்சு! முழங்கை வரைக்கும் சுத்திருச்சு! இறுக்குது மேடம்!”

“இழுக்காதீங்க!” பஸ்ஸில் இருக்கிறேன் என்பதே மறந்துபோய் எழுந்து நின்றுவிட்டேன். “வாலைப் பிடிங்க!”

“எல்லாம் மறந்துபோச்சு மேடம்! என்னமோ செய்யுது!”

“ஒண்ணும் செய்யாது! இடது கையால வாலைப் பிடிச்சு அவிழ்த்துக்கிட்டே வாங்க!”

பக்கத்து சீட் மலையாள நர்ஸ் என் முந்தானையைப் பிடித்து “எந்தா சேச்சி?” என்றாள். பின்னாலிருந்த பாகிஸ்தான் பட்டாணியர் “க்யா ஹுவா?” என்றார். “அஜ்கர்! மலைப்பாம்பு!” என்று கத்தி, போனை ஸ்பீக்கரில் போட்டேன். அவ்வளவுதான், பஸ்ஸே பண்ணைக்குள் போய்விட்டது. வாலைப் பிடிக்கச் சொல்கிறேன் என்று புரிந்ததும் பட்டாணியர் உருதுவில், “பூஞ்ச் பகடோ பாய், ஜல்தி!” என்று முழங்கினார். யாரோ சாமி கும்பிட்டார்கள். டிரைவர் மட்டும் கண்ணாடி வழியாக என்னை இறக்கிவிடலாமா என்று பார்த்தார்.

“சுத்து அவுந்துருச்சு மேடம்! வாயத்தான் விட மாட்டேங்குது!”

“சானிடைசர்! வாயோரத்துல! ஒரு சொட்டு!”

போனில் ஆடு கத்துவது மட்டும் கேட்டது. பஸ் முழுக்க என் போனையே பார்த்துக்கொண்டிருந்தது. மணல்காட்டில் அந்த மனிதர் மயங்கி விழுந்தால், தூக்க யார் இருக்கிறார்கள்?

“விட்டுருச்சு மேடம்… கூண்டுக்குள்ள போயிருச்சு.”

பஸ் கைதட்டியது. நர்ஸ் போனைப் பிடுங்கி, காயத்தைக் கழுவச் சொல்லி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போகும்படி மலையாளத்தில் அதட்டினாள். “சரிங்க, சரிங்க” என்றவர், மெதுவாக, “ராசாத்திக்குப் பல்லு எதும் போயிருச்சான்னு பாத்துட்டுப் போயிடுறேன். லைன்ல இருங்க” என்றார். எனக்கு வந்த கோபத்தில் போனையே கடித்திருப்பேன்.

விஷயம் முதலாளி காதுக்குப் போய், பண்ணைக்கு ஒரு பங்களாதேஷ்காரரை வேலைக்கு வைத்தார்கள். இரண்டாவது ஆள் கிடைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை போனும் நின்றது. நிம்மதி என்று நினைத்தேன். ஆனால் பஸ்ஸில் உட்கார்ந்ததும் கை தானாகப் போனை எடுத்துப் பார்க்கும், வெட்கக்கேடு!

இந்த வருஷம் என் கணவர் வேலை மாறி, குவைத்தில் உள்ள ஃபஹாஹீலுக்குப் போய்விட்டார். அஜ்மான் வீட்டில் நான் மட்டும். ஒரு நாள் நெருப்பாய்க் காய்ச்சல், லீவு சொல்லிவிட்டுப் படுத்திருந்தேன். தீவனம் கேட்டு ஆபீஸுக்குப் போன் பண்ணிய பாம்பண்ணன், விஷயம் தெரிந்ததும் உடனே என்னை அழைத்தார்.

“மாத்திர போட்டீங்களா மேடம்? கூட யாரு இருக்கா?”

“யாரும் இல்லண்ணே. தூங்கி எழுந்தா சரியாயிடும்.”

“தனியாவா?” கூண்டைத் திறக்கும் முன் வருமே, அதே பயந்த குரல். “அப்பக் கட் பண்ணாதீங்க. ஸ்பீக்கர்ல போட்டுத் தலமாட்டுல வைங்க. பேசவெல்லாம் வேண்டாம்.”

வைத்தேன். எப்போது தூங்கினேன் என்று தெரியவில்லை. கண் விழித்தபோது வெயில் தாழ்ந்திருந்தது, உடம்பெல்லாம் வியர்வை. தலைமாட்டில் எங்கோ ஆடு கத்தியது. அஜ்மான் ஃபிளாட்டில் ஏது ஆடு என்று திடுக்கிட்டு, அப்புறம்தான் போனைப் பார்த்தேன்.

“அண்ணே?”

“இருக்கேன் மேடம். லைன்லதான் இருக்கேன்.”