ஏழு ஸ்டிக்கர் ஒட்டிய லேப்டாப்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது பெரிய காரியம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் கண்டுபிடித்ததற்கு எண் கொடுத்து, பதிவேட்டில் ஏற்றி, கையெழுத்தும் வாங்கிய அன்றைக்குத்தான் நாகரிகம் பிறந்தது. அந்த நாகரிகத்தின் உச்சத்தைக் காண விரும்புவோர் பிறப்புச் சான்றிதழ் அலுவலகத்தின் இரண்டாம் மாடிக்கு வரலாம்.

அங்கே சான்றிதழ் எழுத்தருக்குப் புது லேப்டாப் வந்திருந்தது. கண்காணிப்பாளர் தம் கையாலேயே அதைக் கவிழ்த்து, அடிப்பக்கத்தில் நடுவாக 'அலுவலக உடைமை' ஸ்டிக்கரை ஒட்டினார். நாற்காலி, மேசை, பீரோ எல்லாவற்றுக்கும் அடிப்பக்கத்தில்தான் ஒட்டுவது. லேப்டாப்புக்கும் அடிப்பக்கம் இருக்கிறது. அதில் சல்லடை மாதிரி ஏதோ ஓட்டைகள் இருந்தன. ஸ்டிக்கர் அவற்றில் கொஞ்சத்தை மறைத்ததில் பார்க்க லட்சணமாகவும் ஆயிற்று.

லேப்டாப் இருபது நிமிடம் ஓடியது. பிறகு திரை நீலமாகி மூச்சை விட்டது.

பழைய பதிவேட்டோடு ஒப்பிட்டு ஒரு சான்றிதழை ஏற்ற அரை மணி நேரம் ஆகும். நடுவில் நின்றால் மறுபடி முதலிலிருந்து. எதிர் பெஞ்சில் ஒரு தாய் உட்கார்ந்திருந்தாள். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குப் பள்ளிச் சேர்க்கை முடிகிறது. அந்தத் தாள் இல்லாவிட்டால் அவள் மகளுக்கு ஒரு வருடம் வீண். எழுத்தருக்கும் அதே வயதில் ஒரு மகள் உண்டு. பெஞ்சை நிமிர்ந்து பார்க்கவே எழுத்தருக்குச் சங்கடமாக இருந்தது.

"சார், மறுபடியும் நின்னுடுச்சு. தொட்டா கை சுடுது."

"புதுசு இல்லையாம்மா? அப்படித்தான் இருக்கும்."

இருந்தாலும் கண்காணிப்பாளர் கடமை தவறாதவர். லேப்டாப்பைச் சுற்றி வந்து பார்த்தார். பார்த்ததற்கு அடையாளமாக 'பரிசோதிக்கப்பட்டது' ஸ்டிக்கரை அடியில் ஒட்டினார். செவ்வாய்க்கிழமை மூவர் குழு கூடி, மேசையை ஜன்னல் பக்கம் திருப்பியது. அதற்கு ஆளுக்கொன்றாக மூன்று ஸ்டிக்கர். புதன்கிழமை மறுபரிசோதனை, அதற்கொன்று. இருபது நிமிடத்தில் நின்ற லேப்டாப் இப்போது ஏழே நிமிடத்தில் நின்றது. 'வேகம் கூடியுள்ளது' என்று குழு திருப்தியுடன் பதிவு செய்தது.

வியாழக்கிழமை சர்வீஸ்காரர் வந்தார். லேப்டாப்பைத் திருப்பி, ஸ்டிக்கர்களை ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணினார்.

"சார், இது காத்து போற வழி. மூக்கப் பொத்தி வச்சா எதுதான் உயிரோட இருக்கும்? பிச்சுடவா?"

"ஐயையோ, தொடாதீங்க! பொருளைக் கணக்குலேர்ந்து கழிச்சா மட்டும்தான் உடைமை ஸ்டிக்கரை எடுக்கலாம்."

"அப்ப கழிச்சிடுங்க."

"நல்லா இருக்கே! புதுசை எப்படிங்க கழிக்கிறது? ஓடாத பொருளைத்தான் கழிக்கணும்."

"இதுவும்தான் ஓடலையே?"

"பரிசோதிச்சு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கோம்ல? பார்க்கலையா நீங்க?"

சர்வீஸ்காரர் தலையில் கைவைத்துக்கொண்டு கிளம்பினார். அவர் வந்துபோனதற்கு ஏழாவது ஸ்டிக்கர் ஒட்டப்பட்டது.

வெள்ளிக்கிழமை மூன்று மணி. பெஞ்சிலிருந்து அந்தத் தாய் எழுந்து வந்தாள்.

"மேடம், இன்னும் ஒரு மணி நேரம்தான் இருக்கு."

எழுத்தர் லேப்டாப்பைக் கவிழ்த்தாள். நகத்தால் ஒவ்வொன்றாக ஏழையும் உரித்தாள். மூன்று முப்பத்தைந்துக்குச் சான்றிதழ் அச்சாகி வந்தது. அந்தத் தாய் அதை வாங்கிக்கொண்டு, நன்றி சொல்லக்கூட நிற்காமல் படியிறங்கி ஓடினாள். எழுத்தருக்கு அந்தக் காலடிச் சத்தமே போதுமாக இருந்தது.

இத்தகைய குற்றத்தைப் பொறுத்துக்கொள்ள அது ஒன்றும் சாதாரண அலுவலகம் அல்ல. திங்கட்கிழமை காலையிலேயே 'உடைமை அடையாளத்தை அழித்தமைக்கு' விளக்கம் கேட்டு நான்கு பக்கக் குறிப்பாணை தயாரானது. தட்டச்சு செய்ய உட்கார்ந்த கண்காணிப்பாளரின் லேப்டாப் இரண்டாம் பக்கத்திலேயே நீலமாகிவிட்டது. அதற்கும் அடிப்பக்கம் உண்டு.

அவர் எழுத்தரின் மேசைக்கு வந்தார்.

"ஏம்மா, உங்க லேப்டாப்பைக் கொஞ்சம் தர்றீங்களா? அது இப்ப நல்லா ஓடுதாமே?"

எழுத்தர் கொடுத்தாள். அவர் இரண்டு மணி நேரம் தட்டினார். ஒரு தடவைகூட நிற்கவில்லை. குறிப்பாணையில் கையெழுத்திட்டு அவளிடம் நீட்டிவிட்டு, லேப்டாப்பைக் கவிழ்த்து, புது ஸ்டிக்கர் ஒன்றை நடுவாக ஒட்டி, விரலால் நன்றாக அழுத்தித் தேய்த்தார்.

எதிர் பெஞ்சில் இன்னொரு குழந்தையின் அப்பா வந்து உட்கார்ந்தார்.