அல்போன்ஸின் குதிகாலும் அத்தர் குப்பியும்

குளச்சல்,
கொல்லம் ஆண்டு 1111, சித்திரை

திருவனந்தபுரத்தில் சர்க்கார் ரசாயனச் சாலையில் உத்தியோகம் பார்க்கும் சலாஹுதீன் மாப்பிள்ளைக்கு, மாமனார் முகம்மது ஹனீபா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நீங்களும் என் மகள் ஷாஜிதாவும் நலமாயிருக்க துஆ செய்கிறோம். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவைத் தொட்டேன். ஆனால் ஊர் சுகமாக இல்லை.

போன வாரம் கரையில் ஓர் இரும்புப் பீப்பாய் ஒதுங்கியது, எந்தக் கப்பலிலிருந்து விழுந்ததோ, மூடியோரத்தில் கறுப்பாக என்னவோ கசிந்தது, நமக்குக் கருவாட்டுக்கு மீன் தருகிற அல்போன்ஸ் அதைத் தனியாளாக மேட்டில் உருட்டி ஏற்றினான், மறுநாள் விடிந்தால் அவன் குதிகாலில் நெல்லிக்காய் பருமனில் கொப்புளம். அன்றைக்கென்று பார்த்து ஞானதாசன் வாத்தியார் காப்பிக்கடையில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். அபிசீனியாவில் இத்தாலிக்காரன் ஆகாய விமானத்திலிருந்து விஷத் திராவகம் தெளிக்கிறானாம், செருப்பில்லாத ஜனங்களின் கால் வெந்து கொப்புளிக்கிறதாம். வாத்தியார் பேப்பரை மடித்து வைத்து, "நம்ம பீப்பாயும் அதுதாம்லே" என்றார். அதோடு முடிந்தது கதை. பீப்பாயைச் சுற்றிப் பனையோலை வேலி. நாகர்கோவில் மீன் வியாபாரிகள் மூக்கைப் பொத்திக்கொண்டு பாதி வழியிலேயே திரும்பினார்கள்.

சோதித்துப் பார்க்கலாமென்று வேலிக்குள் ஒரு கோழியைக் கட்டினோம். அது இரண்டு நாள் கிடந்து, முட்டையிட்டு, சௌகரியமாக வெளியே வந்தது. கோழி பிழைத்ததில் யாருக்கும் தைரியம் வரவில்லை, அதை அறுக்கவும் ஆளில்லை. இப்போது கடற்கரையில் பயமில்லாமல் திரிகிற ஒரே ஜீவன் அதுதான். ஆகவே, துடுப்பு நுனியில் சிரட்டை அகப்பையைக் கட்டி நானே கொஞ்சம் கோரினேன். சோதனைக்கு எதையும் கண்ணாடி மூடி போட்ட குப்பியில்தான் அனுப்ப வேண்டும் என்று நீங்கள் முன்பு ஒரு தடவை சொன்னது நினைவிருந்தது. இந்த ஊரில் அப்படி ஒரே குப்பிதான் உண்டு, உங்கள் மாமி சைனப் பீவியின் அத்தர் குப்பி. வெந்நீர் ஊற்றி, சாம்பல் போட்டுக் கழுவியாயிற்று. சோதனையில் ரோஜா மணம் வந்தால் அது எங்கள் குற்றம், இத்தாலிக்காரன் குற்றமில்லை.

மாப்பிள்ளை, சிரிக்கும்படி எழுதுகிறேனே தவிர மனசு சரியில்லை. அல்போன்ஸின் குடிசைப் பக்கம் யாரும் போவதில்லை. அவன் மனைவி செசிலி கிணற்றுக்கு வந்தால் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு விலகுகிறார்கள். குடும்பத்தோடு அவனைக் கரையை விட்டே அனுப்பிவிட வேண்டுமென்று வருகிற வெள்ளிக்கிழமை கூட்டம். நானும் கஞ்சிக் கலயத்தை அவன் குடிசை வேலியோரம் வைத்துவிட்டுத் திரும்பி விடுகிறேன். எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறதே. அதனால் வெள்ளிக்குள் முடிவு எழுதவும். அவன் இருப்பதும் போவதும் உங்கள் காகிதத்தில் இருக்கிறது. குப்பி நேற்றே பஸ் ஏறிவிட்டது.

ஷாஜிதாவுக்கு அவள் உம்மா கொடுத்தனுப்பிய கருவாடு பீப்பாய் வருவதற்கு முந்தியது, பயப்படாமல் தின்னலாம். ஆண்டவன் உங்கள் இருவரையும் நல்ல காற்றில் வைத்திருப்பானாக.

இப்படிக்கு,
முகம்மது ஹனீபா

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுகிற நேரத்தில் மனசு கேட்கவில்லை. பிஸ்மி சொல்லிக்கொண்டு அல்போன்ஸின் குடிசைக்குள் போய்விட்டேன். அவன் காலைத் தூக்கி மடியில் வைத்துப் பார்த்தால், கொப்புளத்தின் நடுவே கறுப்பாக ஒரு வட்டம். தோலில் பட்டால் கொப்புளிக்கிற சேங்கொட்டைப் பாலால் வண்ணார் நம் துணிகளில் போடுகிற குறி அப்படியே இருக்கிறது.

"செசிலி, இது சேங்கொட்டை வச்ச தடமில்லியா?" என்றேன்.

"ஆமா மொதலாளி. பீப்பா வாறதுக்கு மொத நாளு முள்ளு குத்திச்சு. நாந்தான் சேங்கொட்டையச் சுட்டு வச்சேன், சூடு கூடிப்போச்சு."

"இத ஏன் முன்னமே சொல்லல்ல?"

"விளிச்சுச் சொன்னேன். பேப்பர்லயே போட்டிருக்கு, ஒனக்கு என்ன தெரியும்னு வாத்தியாரு சொல்லிட்டாரு. பொறவு எனக்கே பயமாயிப்போச்சு. காலப் பாக்க ஒருத்தரும் உள்ள வரல்லியே மொதலாளி."

கூட்டத்தில் இதை நான் சொல்லிக்கொள்கிறேன். பீப்பாயில் தாரோ வேறெதுவோ, நீங்கள் சாவகாசமாகச் சோதியுங்கள், குப்பியை மட்டும் உடைக்காமல் திருப்பி அனுப்புங்கள், மாமி கேட்டுக்கொண்டே இருக்கிறாள். நான் எழுந்தபோது அல்போன்ஸ் என் கையை விடவில்லை. "அப்போ அந்த அபிசீனியாக்காரங்களுக்கும் முள்ளுதான் குத்தியிருக்குமா மொதலாளி?" என்று கேட்டான்.