சுவர் டாக்டரின் சந்தேகம்

ராஜகீழ்ப்பாக்கத்தில் இருக்கும் அத்தனை சுவர்களையும் சந்தேகப்பட்ட ஒரே மனிதர் எங்கள் சுவர் டாக்டர்தான். அவரை நாங்கள் அத்தனை பேரும் சந்தேகப்பட்டோம்.

பின்னே? மண்டையைப் பிளக்கும் மதியம் மூன்று மணிக்கு, கொரோனா சமயத்தில் நம் நெற்றியில் நீட்டினார்களே, அந்த மாதிரி ஒரு துப்பாக்கியைச் சுவர் சுவராக நீட்டி, நோட்டில் குறித்துக்கொண்டே போனால்? திருட நோட்டம் பார்க்கிறார் என்றது எதிர்வீடு. வீட்டு வரி ஏறப்போகிறது என்றது பக்கத்து வீடு. "ஏசி கம்பெனி ஆளு சார், மூஞ்சியே சொல்லுதே!" என்றார் இஸ்திரிக்காரர்.

எனக்கு வேறு கவலை. மாடி அறையில் என் மனைவி சாந்தி ஆசை ஆசையாய்த் தையல் கடை ஆரம்பித்திருந்தாள். சித்திரை வெயிலில் அங்கே உட்கார முடியவில்லை.

"இந்த மாசத்தோட மூட்டை கட்டிடறேங்க. துணியை விட நான்தான் நல்லா இஸ்திரி ஆவறேன்."

எந்தச் சுவர் எவ்வளவு சுடுகிறது என்று அளக்கிறவராயிற்றே என்று, வேறு வழியில்லாமல் டாக்டரையே கூப்பிட்டேன். "மேற்குச் சுவர்தானே சார் காரணம்?"

"எல்லாரும் அதைத்தான் சந்தேகப்படுவாங்க. அது அப்பாவி சார்" என்று சுவரைத் தட்டிக்கொடுத்தார். செங்கல் எத்தனை அங்குலம், பூச்சு எவ்வளவு கனம், மேலே கான்கிரீட் எவ்வளவு, ஒவ்வொன்றும் சூட்டை எவ்வளவு தடுக்கும் என்று பக்கம் பக்கமாகக் கணக்குப் போட்டார். கடைசியில் விரல் மேலே போனது.

"இந்தக் கூரைதான் எல்லாத்தையும் உள்ள விடுது. மொட்டைமாடிக்கு வெள்ளை டைல்ஸ் போடுங்க. வெயிலை வாசல்லயே திருப்பி அனுப்பிடும்."

காசு வேண்டாமென்று மோரை மட்டும் குடித்துவிட்டுப் போனார். அங்கேதான் எனக்கு உதைத்தது. டைல்ஸ் கடை கமிஷன்!

மறுநாள் அவர் பின்னாலேயே கேம்ப் ரோடு டைல்ஸ் கடைக்குப் போனேன். "அந்த டாக்டர்..." என்று ஆரம்பித்ததுமே கடைக்காரர் கும்பிட்டார்.

"உங்காளா சார்? இட்டுகினு போ சார், ஒரே பேஜாரா கீது! என் டைல்ஸை வெயில்ல காயப்போட்டு, நான் பொய் சொல்றனான்னு பாக்குறாரு!"

வாசலில் நான்கு டைல்ஸ். எதிரே துப்பாக்கியோடு குந்தியிருந்தார் டாக்டர். நான் சத்தமில்லாமல் டைல்ஸுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டு வந்தேன்.

டைல்ஸ் போட்ட வாரமே மதியத்திலும் தையல் மிஷின் சத்தம் கேட்டது. டாக்டர் வந்து துப்பாக்கியை மேலே நீட்டினார். முகம் சுருங்கியது.

"இவ்ளோ குறையக் கூடாதே! நான் வர்றேன்னு மாடியில தண்ணி ஊத்தினீங்களாம்மா?"

"ஐயோ, சத்தியமா இல்ல சார்!"

நம்பவில்லை. ஒரு வாரம், தினமும் மூன்று மணிக்கு, சொல்லாமல் கொள்ளாமல் வந்து சோதித்தார்.

இப்போது அவர் படப்பைப் பக்கம் குடிபோய்விட்டார். சாந்தி இன்னமும் மூன்று மணிக்கு ஒரு டம்ளர் மோர் கூடுதலாகவே கரைக்கிறாள். நான் சுவரைத் தொட்டுப் பார்க்கிறேன். சூடில்லை. இருந்தாலும், அவர் ஒருமுறை வந்து சந்தேகப்பட்டுவிட்டுப் போனால்தான் எனக்கு நம்பிக்கை வரும்.