விறகுக் கொட்டிலில் பன்னிரண்டு வோல்ட்

ஒரு அடாப்டரிடம் தோற்கப்போவதில்லை என்று நிமலன் முடிவெடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், ஆறு மணி ஐந்து நிமிடத்துக்கு.

ஐந்து நிமிடத்துக்கு முன்னால்தான் அவன் மனைவி விஜயலெட்சுமி, வைஃபை ரவுட்டரின் அடாப்டரைச் சுவரிலிருந்து பிடுங்கி, ஒயரை நாலாக மடித்து, அலுமாரிக்குள் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு அடுப்படிக்குப் போயிருந்தாள். மகள் திலக்‌ஷனா ஓ.எல். பரீட்சைக்குப் படிக்கிறாள். பரீட்சை முடியும்வரை ஆறிலிருந்து ஒன்பது மணிவரை வீட்டில் இன்டர்நெட் கிடையாது. இந்தத் தீர்மானத்தை வழிமொழிந்தவனே நிமலன்தான். வழிமொழிந்ததோடு நிற்காமல், குடும்பம் என்றால் தியாகம் வேண்டும் என்று பத்து நிமிடம் பேசியும் வைத்தான். அடுத்த வாரம் கிரிக்கெட் தொடர் ஆரம்பிக்கிறது, ஆட்டமெல்லாம் ஆறரை மணிக்குத்தான் என்பது பேசி முடித்த பிறகே அவனுக்குத் தெரியவந்தது.

டிவியில் பார்க்கலாமென்றால், டிவி இருப்பது மகள் படிக்கிற மேசைக்கு நேர் எதிரே. போனில் டேட்டா போட்டுப் பார்க்கலாமென்றால், அப்புத்தளைக்குக் கீழே பள்ளத்தில் கிடக்கிற அந்தத் தேயிலைத் தோட்டத்தில் சிக்னல் எட்டுகிற இடம் ஒன்றே ஒன்று, கோயில் வளைவு. அங்கே சாயங்காலக் காற்றில் மூன்று மணி நேரம் நிற்பவனை மறுநாள் தூக்கிக்கொண்டுதான் வரவேண்டும். வீட்டுக்கு இன்டர்நெட் வருவதே கூரைக்கு மேல் மூங்கிலில் கட்டிய அன்டெனா வழியாகத்தான். அந்த அன்டெனாவைக் கட்டியவனும் நிமலன்தான்.

அவன் தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலை ஃபெக்டரியில், பிட்டர். ரோலர் நின்றால் அவனைத்தான் கூப்பிடுவார்கள். அப்பேர்ப்பட்டவன் கைமுஷ்டி அளவுக்கு ஒரு அடாப்டரிடம் தோற்பதாவது?

அடுத்த நாள் லீவு போட்டுப் பண்டாரவளைக்குப் போனான். அங்கே மர்ஸூக் நானாவுக்கு ஒரு சின்ன எலக்ட்ரோனிக்ஸ் கடை. ரவுட்டருக்குப் பன்னிரண்டு வோல்ட் வேண்டும், தன்னிடம் இருப்பது ஐந்து வோல்ட் கொடுக்கிற பவர்பேங்க், என்ன செய்யலாம் என்று நிமலன் கேட்டான். இன்னொரு அடாப்டர் வாங்கிச் சுவரில் சொருகினால் முடிந்துபோகும் விசயம்தானே என்றார் நானா. சுவரில் சொருகினால் தெரிந்துவிடும் என்று நிமலன் சொன்னான். யாருக்குத் தெரிந்துவிடும் என்று நானா கேட்கவில்லை. அவருக்கும் கல்யாணமாகி இருபத்தாறு வருடமாயிற்று.

மேசை லாச்சியை இழுத்துத் திறந்து, தீப்பெட்டியில் பாதி இருக்கும் ஒரு நீலப் பலகையை எடுத்து மேசைமேல் வைத்தார். செம்புக்கம்பி சுற்றிய ஒரு கறுப்பு வளையம், மூலையில் ஒரு பித்தளைத் திருகாணி, ஒரு பக்கம் உள்ளே போகிற ஒயருக்கு இரண்டு ஓட்டை, மறுபக்கம் வெளியே வருகிற ஒயருக்கு இரண்டு. இதுதான் பூஸ்ட் கன்வேர்ட்டர், ஐந்தைப் பன்னிரண்டாக ஏத்திவிடும் என்றார்.

"ஆனா தம்பி, சும்மா ஏத்தாது. வோல்ட் கூடுற அளவுக்கு அங்கால பவர்பேங்க்ல இருந்து இழுவையும் கூடும். ரெண்டும் ஒண்ணா கெடைக்காது. இன்னொண்டு, திருகாணியத் திருப்பி மீட்டர்ல பன்னெண்டு வந்த பொறகுதான் சாமான மாட்டணும். மறந்துராதீங்க."

நிமலன் மறக்கவில்லை. அவசரப்பட்டான், அவ்வளவுதான். வீட்டில் ஆளில்லாத நேரத்தில் பவர்பேங்கின் ஒயரை வெட்டி, சிவப்பைச் சிவப்போடும் கறுப்பைக் கறுப்போடும் சேர்த்து ஈயத்தால் பற்ற வைத்தான். வெளியே வருகிற பக்கத்தில் மீட்டரோடு சேர்த்து, எரிகிறதா என்று கண்ணாலும் பார்த்துவிடலாமே என்று சாமிப் படத்தைச் சுற்றியிருந்த எல்இடி மாலையையும் மாட்டினான். திருகாணியை ஒரு சுற்றுத் திருப்பினான். ஒன்றும் நடக்கவில்லை. பத்துச் சுற்று. ஐந்து வோல்ட் ஐந்தாகவே நின்றது. இருபது சுற்றுக்குப் பிறகும் அசையாததைப் பார்த்து, திருகாணி சும்மா அலங்காரத்துக்குத்தான் என்று முடிவு செய்து, ஸ்டோரில் நட்டு முடுக்குகிற வேகத்தில் முடுக்கினான். முருகனைச் சுற்றி இதுவரை அந்த லயத்து வீட்டு வரிசை கண்டிராத ஒரு வெளிச்சம் எழுந்தது. மீட்டரில் இருபத்தேழு என்று காட்டியது. பிறகு வெளிச்சமும் இல்லை, மாலையும் இல்லை, கருகிய வாசம் மட்டும் இருந்தது.

இடி விழுந்திருக்கும் என்று சாயங்காலம் விஜயலெட்சுமியிடம் சொன்னான். அன்றைக்கு மழையே இல்லை. அவள் அவன் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, சரி, வேறொன்று வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லிப் போய்விட்டாள்.

அவள் பார்க்கிற உத்தியோகத்தை இங்கே சொல்லியாக வேண்டும். தோட்டத்துப் பேரேட்டில் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்றும், தோட்டத்தார் வாயில் பிள்ளைக் காம்பரா என்றும் பெயருள்ள இடத்துக்கு அவள்தான் பொறுப்பு. கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் காலையில் விட்டுவிட்டுப் போகிற இருபத்திரண்டு பிள்ளைகளை, பதினாலு வருடமாகப் பார்த்துக்கொள்கிறாள். சீனியைத் தின்றது யார் என்று கேட்டால் எந்தப் பிள்ளை எந்தப் பக்கம் பார்க்கும் என்பது அவளுக்குத் தெரியும்.

இரண்டாவது தடவை நிமலன் பொறுமையாகச் செய்தான். சரியாகப் பன்னிரண்டில் நிறுத்தி, திருகாணி அசையாமலிருக்க மனைவியின் நகப்பூச்சு ஒரு சொட்டு வைத்தான். பழைய அடாப்டர் ஒன்றின் முனையை வெட்டிப் பற்ற வைத்து, எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் அடக்கினான். கன்வேர்ட்டர் சூடேறும் என்பதால் டின்னில் ஓட்டைகள் போட்டான். டின் அலுமாரி உச்சியில், ரவுட்டருக்குப் பின்னால் உட்கார்ந்தது. ரவுட்டரின் பச்சை விளக்குகளுக்குக் கறுப்பு டேப். மகளின் படிப்பு கெடக்கூடாது என்பதில் அவன் உறுதியாக இருந்தான். ஆகவே பாஸ்வேர்டையும் மாற்றி, ஆட்டம் முடிந்ததும் பழையதையே திருப்பிப் போட்டுவைத்தான். அலுமாரிக்குள் அடாப்டர் தூங்க, அலுமாரிக்கு மேலே ரவுட்டர் வேலை செய்தது.

ஆறரைக்கு, விறகு அடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு லயத்துக்குப் பின்னாலிருந்த விறகுக் கொட்டிலுக்குப் போனான். சாக்கை விரித்து, கம்பளியைப் போர்த்தி, ஒரு காதில் மட்டும் இயர்ஃபோனை மாட்டினான். படம் கண்ணாடி மாதிரி தெளிவாக வந்தது. அன்றைக்கு அவன் அடைந்த சந்தோசத்தைக் கல்யாணத்தன்றுகூட அடைந்ததாக ஞாபகமில்லை.

நாலு நாள் இப்படிப் போனது. நாலு நாளும் மூன்று மணி நேரம் விறகு அடுக்கியும் விறகு எப்படிக் கிடந்ததோ அப்படியே கிடப்பதைப் பற்றி விஜயலெட்சுமி ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்கு இதிலெல்லாம் கவனம் பத்தாது என்று நிமலன் நினைத்துக்கொண்டான்.

ஐந்தாவது நாள் முதல் இன்னிங்ஸ் முடியுமுன்பே படம் நின்றது. போய்ப் பார்த்தால் பவர்பேங்க் செத்துக் கிடந்தது. இரவில் அரிசி வாளிக்குப் பின்னால் ஒளித்துவைத்துச் சார்ஜ் ஏற்றியிருந்தான். காலையில் அதன் நாலு விளக்கும் எரிந்ததைக் கண்ணால் பார்த்துத்தான் டின்னில் வைத்தான். அடுத்த நாளும் காலையில் நாலு விளக்கு, சாயங்காலம் ஒன்று. அதற்கடுத்த நாளும் அப்படியே. பற்றவைத்த இடங்களை மறுபடி பற்றவைத்தான். ஒயரை மாற்றினான். குளிர்தான் காரணம் என்று நினைத்து டின்னுக்குள் பழைய காலுறையைத் திணித்தான். அந்தச் சமயத்தில் இன்னொன்றையும் கவனித்தான். டின்னைத் திறந்தால் பேபி பவுடர் வாசம் வந்தது. செம்புக்கம்பி சூடேறினால் இப்படியும் ஒரு வாசம் வரும்போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டான்.

யாரிடமும் கேட்கவும் வழியில்லை. என் பவர்பேங்கை யார் தொட்டது என்று கேட்டால், எந்தப் பவர்பேங்க் என்ற கேள்வி வரும். ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் பண்டாரவளைக்குப் போனான். மர்ஸூக் நானா டின்னை வாங்கி மீட்டரை வைத்துப் பார்த்தார். சும்மா இருக்கும்போதும் இது கொஞ்சம் தின்னும்தான், ஆனால் ஒரு பகலில் இவ்வளவு தின்னாது என்றார்.

"பகல்ல யாரோ பாவிக்கிறாங்க தம்பி."

"சேச்சே. வீட்டுல இருக்கிறது நாங்க மூணு பேர். மக பள்ளிக்கூடம் போயிருது. எங்க வீட்டுக்காரிக்கு ரிமோட்டுக்குப் பேட்டரி எந்தப் பக்கம் போடுறதுன்னே தெரியாது."

நானா டின்னை மூடித் திருப்பிக் கொடுத்தார். அப்படியென்றால் பெரிய பவர்பேங்காக ஒன்று வாங்கிப் போட்டுவிடுங்கள் என்றார். வாங்கினான். பெரிதைப் போட்ட பிறகு சாயங்காலம் இரண்டு விளக்கு மிச்சமிருந்தது. ஆட்டம் முடியும்வரை தாங்கியது. ஒரு பெரிய தொழில்நுட்பச் சிக்கலைத் தனியாளாகத் தீர்த்துவிட்ட திருப்தி நிமலனுக்கு.

வியாழக்கிழமை இரவு சாப்பிடும்போது விஜயலெட்சுமி, நாளைக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டுப் பிள்ளைக் காம்பராவுக்கு வாங்க, ஒரு சின்ன விழா, பெரிய தொரையும் வருகிறார் என்றாள். வெள்ளைச் சட்டை போட்டு வரவும் சொன்னாள். வருகிறவர்கள் உட்காரக் கதிரை தூக்கிப்போட ஆள் வேண்டியிருக்கும் என்று நினைத்து அவனும் தலையாட்டினான். ஆனால் போய்ச் சேர்ந்தபோது கதிரையெல்லாம் ஏற்கெனவே போட்டிருந்தது. அவனை முன்வரிசையில், தோட்டத்து மேனேஜர் பெரிய தொரைக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். முன்னாலிருந்த மேசையில் பூப்போட்ட துணியால் எதையோ மூடி வைத்திருந்தது. ஒரு தாய் வந்து துணியை எடுத்தாள்.

சிவப்பு ரிப்பன் கட்டிய அவனுடைய பிஸ்கட் டின் அங்கே இருந்தது. அதிலிருந்து போன ஒயர், பிள்ளைக் காம்பராவின் பழைய ஸ்பீக்கர் பெட்டியில் சொருகியிருந்தது.

விஜயலெட்சுமி எழுந்து பேசினாள். தாலாட்டுப் பாட்டுப் போட்டால்தான் பிள்ளைகள் மத்தியானம் தூங்கும். ஆனால் சவுக்கு மரம் லைனில் விழுந்து விழுந்து, இந்த மாதம் பதினொரு நாள் பகலில் கரண்ட் இல்லை. ஸ்பீக்கரின் உள்பேட்டரி எப்போதோ போய்விட்டது. அதைத் திருத்தித் தரும்படி வீட்டில் கேட்டுக் கேட்டு வாய் வலித்து, கடைசியில் விட்டேவிட்டாள்.

"ஆனா எங்க வீட்டுக்காரரப் பாருங்க. எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லாம, சொந்தக் காசுல சாமான் வாங்கி, இந்தப் பொட்டிய செஞ்சு அலுமாரி மேல வச்சிருந்தாரு. முதல்ல வச்ச பவர்பேங்க் பிள்ளைங்களுக்குப் பத்தலைன்னதும், அவராவே பெருசா ஒண்ணு வாங்கிப் போட்டாரு. சாயங்காலமெல்லாம் விறகுக் கொட்டில்ல, அந்தக் குளிர்ல, தனியா உக்காந்திருந்தாருங்க."

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதுதான் நிமலனுக்கு மிகவும் வேதனையாக இருந்தது.

கைதட்டினார்கள். இரண்டு தாய்மார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பெரிய தொரை எழுந்து அவனுக்குப் பொன்னாடை போர்த்தினார். இப்படி ஒரு தகப்பன் ஒவ்வொரு லயத்திலும் இருந்தால் தோட்டம் எங்கேயோ போய்விடும் என்றார். அவர் ஏத்திவிட ஏத்திவிட, நிமலனுக்கு உள்ளே எல்லாம் இறங்கிக்கொண்டே போனது. மர்ஸூக் நானா சொன்ன கணக்கு அவனுக்கு அப்போதுதான் சரியாகப் புரிந்தது.

பிறகு தொரை, மற்ற நாலு டிவிஷனிலும் பிள்ளைக் காம்பரா இருக்கிறதே, அங்கேயும் இதே பெட்டி ஒவ்வொன்று கிடைக்குமா, சாமான் செலவு தோட்டத்தோடது என்று கேட்டார். நிமலன் வாயைத் திறந்தான்.

"செஞ்சு குடுத்துருவாருங்க ஐயா," என்றாள் விஜயலெட்சுமி. "ஆறு மணிக்கு மேல ஒம்பது மணி வரைக்கும் அவருக்கு வீட்டுல ஒரு வேலையும் கெடையாது. பரீட்சை முடியிற வரைக்கும் டெய்லி ஸ்டோர் ஒர்க்ஷாப்ல உக்காரச் சொல்றேன். எங்களுக்கும் வீடு அமைதியா இருக்கும்."

டின் பிள்ளைக் காம்பராவிலேயே தங்கிவிட்டது. பிள்ளைகளுக்குக் கொடுத்ததை எந்த மனுசன் திருப்பிக் கேட்பான்? கடைசி ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை.

வீட்டுக்குத் திரும்பும் பாதையில் பனிமூட்டம் இறங்கியிருந்தது. பொன்னாடை தோளில் கிடக்க, நிமலன் மனைவியோடு நடந்தான். எதிரே வந்த கங்காணி நின்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

"அதுல எந்த முனைய எங்க சொருகுறதுன்னு ஒனக்கு யாரு சொன்னா?"

"ஸ்பீக்கர்ல பன்னெண்டுன்னு போட்டிருக்கு. ரவுட்டர்லயும் பன்னெண்டுன்னு போட்டிருக்கு. முனையும் ஒண்ணா இருந்துச்சு. இதுக்கு ஒருத்தர் சொல்லணுமா?"

நிமலன் வழியில் கிடந்த ஒரு கல்லைக் காலால் தள்ளினான்.

"எப்பருந்து தெரியும்?"

"மொத நாளே தெரியுங்க."

"மக சொன்னாளா?"

"அவளுக்கு ஒண்ணும் தெரியாது. பாவம், படிச்சிக்கிட்டு இருக்கா."

"அப்பறம் எப்படி?"

விஜயலெட்சுமி அவன் தோளிலிருந்து நழுவிய பொன்னாடையைச் சரிசெய்துவிட்டாள்.

"பதினாலு வருஷமா பிள்ளைங்களப் பாக்குறேங்க. மூணு மணி நேரம் ஒரு சத்தமும் வரலேன்னா, அது எங்கயோ உக்காந்து எதையோ நோண்டுதுன்னு அர்த்தம்."