மரவாடிக் கிரேனின் சிவப்புப் பொத்தான்

ஒரு காட்டில் மரம் வெட்டத் தடை இருந்தது. ஆகவே அங்கே ஒரு மரவாடி அமோகமாக நடந்துகொண்டிருந்தது. அதன் முதலாளி ஒரு கரடி. முன்பெல்லாம் தடி தூக்க யானைகளை வைத்திருந்தார். யானைகள் கரும்பு கேட்டன, ஞாயிற்றுக்கிழமை கேட்டன, கடைசியில் மரியாதை வேறு கேட்டன. கரடியார் அவற்றை அனுப்பிவிட்டுக் கூரைக்கு அடியில் ஒரு கிரேன் மாட்டினார்.

கிரேனை ஓட்ட, மேலிருந்து ஒரு வயரில் தொங்கும் பட்டன் பெட்டி உண்டு. அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஏற்று, இறக்கு, முன்னே, பின்னே என்று அமுக்க வேண்டும். எல்லாப் பொத்தானுக்கும் மேலே, காளான் குடை மாதிரி சிவப்பாக ஒன்று. ஆபத்து என்றால் அதை அமுக்கினால் எல்லாம் நின்றுவிடும். பெட்டியைப் பிடிக்கும் வேலை சுடலைமுத்து என்ற உடும்புக்கு. பிடித்தால் விடாத வம்சம் என்று பார்த்துத்தான் சேர்த்தார்கள். கீழே நின்று தடிக்குச் சங்கிலி கட்டுவது மாசானம் என்ற ஆமை. இரண்டு பேரும் ஒரே குளத்துக்காரர்கள். சங்கிலி கட்டிவிட்டு மாசானம் விலகிப் போவதற்குள் சுடலைமுத்து நிதானமாக ஒரு வெற்றிலை போட்டு முடித்துவிடுவான்.

கிரேனோடு வந்த நல்ல பெட்டி ஒரு மழைக்காலத்தில் செத்துப்போனது. கரடியார், மரவாடிக்குச் சாமான் வாங்கிக் கொடுக்கும் நரி அண்ணாச்சியிடம் சொல்லி, இருப்பதிலேயே மலிவானதாக ஒன்று வாங்கிப் போட்டார். பார்க்க அச்சு அசலாகப் பழையது மாதிரியே இருந்தது. அதே மஞ்சள், அதே பொத்தான்கள். சிவப்புப் பொத்தான் மட்டும் பழையதைவிடப் பெரியது, பளபளப்பும் கூடுதல். சுடலைமுத்து முதல் நாளே அதை அமுக்கிப் பார்த்தான். டக்கென்று நல்ல சத்தம் வந்தது. கிரேன் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

பின்பக்க மூடியைக் கழற்றிப் பார்த்தால், சிவப்புப் பொத்தானிலிருந்து ஒரு வயர் கூடக் கிளம்பவில்லை.

 சுடலைமுத்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே முதலாளி அறைக்குப் போனான். அங்கே நரி அண்ணாச்சியும் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"நிறுத்துற பொத்தான் வேல செய்யலங்க. கீழ மாசானம் நிக்கான். ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா என்ன செய்யது?"

நரி அண்ணாச்சி கோபித்துக்கொள்ளவே இல்லை. "ஏ தம்பி, பொத்தான் சும்மா இருக்குன்னா நீ பதறாம ஓட்டுதன்னு அர்த்தம். அத அமுக்குற மாதிரி நீ ஏன் ஓட்டுத?" என்றார். கரடியார், ஆமைக்குப் பிறவியிலேயே ஓடு கொடுத்து அனுப்பியிருக்கிறானே ஆண்டவன், அதற்கு மேல் என்ன பாதுகாப்பு வேண்டும் என்று கேட்டுவிட்டு, டீயில் சர்க்கரை போதவில்லை என்றார்.

வேறு வழியில்லாமல் சுடலைமுத்துவே ஓர் ஏற்பாடு செய்துகொண்டான். மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் கடுவன் குரங்கை உட்கார வைத்தான். சுடலைமுத்து வாலால் தரையில் ஓங்கி ஓர் அடி அடித்தால், கடுவன் சுவிட்சின் கைப்பிடியைக் கீழே இழுத்துவிட வேண்டும். மரவாடி முழுக்கக் கரண்டு போய்க் கிரேன் அப்படியே நிற்கும். வால் சத்தம் கடுவன் காதுக்கு எட்டிய நாளெல்லாம் மாசானம் பிழைத்தான். ஒரு நாள் கடுவன் பேன் பார்த்துக்கொண்டிருந்துவிட்டான். தடி இறங்கி மாசானத்தின் ஓட்டில் ஓரமாக ஒரு சில் பெயர்ந்தது. கவனக்குறைவு என்று மாசானத்துக்கு அரைநாள் சம்பளம் பிடித்தார்கள்.

இப்படி இருக்கையில் ஆயுத பூஜை வந்தது.

கரடியார் அந்த வருஷம் சிங்க ராஜாவைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டிருந்தார். மரவாடியின் நட்டநடுவில் ராஜாவுக்கே தேக்கில் ஓர் ஆளுயரச் சிலை வைத்து, அதைத் தூக்கிப் பெரிய பீடத்தில் நிறுத்தியிருந்தார். மாலை போட எட்டாது. ஆகவே ராஜா ஒரு சிம்மாசனத்தில் உட்கார, சிம்மாசனத்தைக் கிரேன் கொக்கியில் மாட்டி மேலே ஏற்ற, ராஜா தன் சிலைக்குத் தானே மாலை போடுவதாக ஏற்பாடு.

பூஜை முடிந்த ஆயுதத்தை அன்றைக்குத் தொடக்கூடாதே என்று சுடலைமுத்து சொல்லிப் பார்த்தான். ராஜாவைத் தூக்குவது வேலையில் சேராது, பக்தியில் சேரும் என்று கரடியார் விளக்கினார். பெட்டியைப் பார்த்தால் இன்னும் வயிற்றெரிச்சல். ஒவ்வொரு பொத்தானுக்கும் தாராளமாகச் சந்தனம் அப்பி, குங்குமம் வைத்திருந்தார்கள். எது ஏற்று, எது இறக்கு என்று அம்புக்குறி தெரியவில்லை. மலிவுப் பெட்டி ஆனதால் பொத்தானைச் சுற்றி ரப்பர் கிடையாது. சந்தனம் உள்ளே இறங்கி, காய்ந்து, கட்டிப்போயிருந்தது.

ராஜா உட்கார்ந்தார். மேளம் கொட்டியது. சுடலைமுத்து ஏற்று பொத்தானை அமுக்கினான். சிம்மாசனம் கம்பீரமாக எழும்பியது. சிலையின் கழுத்து வந்தது. ராஜா மாலையைப் போட்டார், எல்லாரும் கைதட்டினார்கள். சுடலைமுத்து விரலை எடுத்தான். பொத்தான் எழும்பவில்லை.

சிம்மாசனம் போய்க்கொண்டே இருந்தது. கூட்டம் இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்து இன்னும் பலமாகக் கைதட்டியது. மேலே தகரக் கூரை.

"சிவப்ப அமுக்குல!" என்று கரடியார் கத்தினார்.

"அமுக்கிட்டுத்தான் மொதலாளி இருக்கேன்."

உண்மைதான். ஊர் பார்க்க, தலைக்கு மேல் பெட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, உடும்புப் பிடியாகச் சிவப்புப் பொத்தானை அமுக்கிக்கொண்டு நின்றான் சுடலைமுத்து. மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் கடுவன், இரண்டு கையிலும் பொரியோடு, அவனுடைய வாலையே பார்த்துக்கொண்டிருந்தான். வால் அசையவில்லை.  தப்பினால் தலை போகும் என்று சுடலைமுத்துவுக்குத் தெரியும். ஆனால் பெயர்ந்த ஓட்டோடு மாசானம் கூட்டத்தின் கடைசியில் நிற்பதும் அவன் கண்ணில் பட்டது.

ராஜாவின் பிடரி தகரத்தைத் தொட்டது. மேலிருந்து குரல் வந்தது. "இத நிறுத்த வழியே கிடையாதா?"

"நிறுத்துறதுக்குன்னே ஒரு பொத்தான் இருக்கு ராஜா. அதுக்கும் மோட்டாருக்கும்தான் பேச்சுவார்த்த இல்ல. இதே பெட்டியிலதான் நாங்க தெனமும் ஓட்டுதோம்."

"நாளைக்கே நல்ல பெட்டி மாட்டணும். இது என் உத்தரவு" என்றார் ராஜா. கழுத்து ஒரு பக்கமாக மடங்கியிருந்ததால் உத்தரவு கொஞ்சம் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. எல்லாருக்கும் கேட்டது.

வால் ஓங்கித் தரையில் அடித்தது. கடுவன் பொரியைப் போட்டுவிட்டுக் கைப்பிடியை இழுத்தான். கிரேன் நின்றது. முள்ளம்பன்றியிடம் ஒரு முள் வாங்கிச் சந்தனத்தைக் கிண்டி எடுத்து, ராஜாவை இறக்கிக்கொண்டார்கள்.

நல்ல பெட்டி வந்தது. ராஜ உத்தரவாயிற்றே, மறுநாளே வந்துவிட்டது. ஆனால் மரவாடிக்குள் வரவில்லை. விசாரணைக் குழுத் தலைவராக நரி அண்ணாச்சியைப் போட்டிருந்தார்கள். பழுதான பெட்டியில் ராஜாவைத் தூக்கியது குற்றம், இனி ராஜா இருக்கும் இடத்தில் நல்ல பெட்டியைத்தான் உபயோகிக்க வேண்டும், மற்ற இடங்களில் பழையதே போதும் என்று குழு கண்டுபிடித்தது. நல்ல பெட்டி முதலாளி அறையில் கண்ணாடி பீரோவுக்குள், மேலே சுற்றிய பிளாஸ்டிக் கூடப் பிரிக்காமல் தூங்கியது. சுடலைமுத்துவுக்கு ஒரு சால்வை போர்த்தி, பழைய பெட்டியைக் கையில் கொடுத்தார்கள்.

சுடலைமுத்துவுக்கு அழுகை முட்டியது. சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது சுவரில் மாட்டியிருந்த காலண்டர் தெரிந்தது. அதில் ராஜா, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். சுடலைமுத்து படத்தைக் கவனமாகக் கிழித்தான். மைதாப் பசை காய்ச்சினான். மாசானத்தின் முதுகில், பெயர்ந்த இடம் மறைகிற மாதிரி அகலமாக ஒட்டினான்.

மறுநாள் காலையில் மாசானம் வழக்கம்போலச் சங்கிலியோடு கொக்கிக்கு அடியில் போய் நின்றான். கரடியார் பார்த்தார். முதுகில் ராஜா சிரித்தார்.

"ராஜா இருக்காக மொதலாளி. பழைய பெட்டியில ஓட்டட்டுமா?" என்று சுடலைமுத்து மிகுந்த பணிவோடு கேட்டான்.

படத்தைப் பிய்த்தால் ராஜத் துரோகம். பிய்க்காமல் பழைய பெட்டியில் ஓட்டினாலும் ராஜத் துரோகம். கரடியார் பீரோச் சாவியைத் தேடி எடுக்க மத்தியானம் ஆயிற்று.

அன்றைக்குச் சாயங்காலமே ஒரு தடி இறங்கும்போது மாசானம் சங்கிலி இடறி அதன் அடியில் மாட்டிக்கொண்டான். சுடலைமுத்து நல்ல பெட்டியின் சிவப்புப் பொத்தானில் ஒரே அமுக்கு. மாசானத்தின் முதுகுக்கு ஒரு சாண் மேலே தடி அசையாமல் நின்றது. சத்தம் கேட்டுக் கரடியார் விழுந்தடித்து ஓடி வந்தார். குனிந்தார். தோள் துண்டால் ஆமையின் முதுகை மெதுவாகத் துடைத்தார்.

"நல்லவேள, படத்துக்கு ஒண்ணும் ஆகல" என்று சொல்லிவிட்டு, வந்த வழியே போனார்.

நீதி: உயிர்மேல் ஆசை உள்ளவன் ஓட்டை நம்பக் கூடாது, ஓட்டின்மேல் யார் படம் ஒட்டியிருக்கிறது என்பதை நம்ப வேண்டும்.