சூளைக்காரர் குறைத்த எடை

விருத்தாசலத்தில் எங்கள் சூளைக்காரரைப் போல வாராவாரம் தவறாமல் எடை குறைத்த மனிதர் இதுவரை இருந்ததில்லை, இனிமேலும் பிறக்கப்போவதில்லை.

உடம்பைக் குறைக்க நாங்கள் சிலர் நடத்தும் வாட்ஸ்அப் குழுவில் அவரும் ஒருவர். பீங்கான் பொம்மை செய்யும் கம்பெனியில் சூளை பார்ப்பவர் என்பதால் அந்தப் பெயர். குழுவின் தலைவி மங்கலம்பேட்டையில் தையல் கடை வைத்திருக்கும் ஜரினா அக்கா. தினமும் சாப்பிடும் முன் தட்டைப் படமெடுத்துப் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை எடை மெஷினில் ஏறி, கால்விரலும் முள்ளும் தெரியும்படி ஒரு படம். ஒரு மாதம் எடை குறையாத ஆளை அக்கா ஈவிரக்கமில்லாமல் குழுவிலிருந்து தூக்கிவிடுவார். அப்படித் தூக்கப்பட்டு, கெஞ்சிக் கூத்தாடித் திரும்பி வந்தவன் நான்.

சூளைக்காரரின் தட்டு வந்துவிட்டால் எங்களுக்கு வேலை ஓடாது. ஒருநாள் கருகிய தோசை. ஒருநாள் வெறும் சோறும் மிளகாய்ப்பொடியும். அக்கா வாய்ஸ் மெசேஜில் பொரிந்து தள்ளுவார்.

"ஏன்ணே, இது தோசையா, இல்ல சூளையில வச்சி எடுத்தீங்களா? ஒரு கீரைய கடைஞ்சா கையி தேஞ்சிடுமா?"

மறுநாளே கீரை வரும். கூடவே, "தங்கச்சி, இதுக்கு உப்பு எப்பப் போடணும்?" என்று ஒரு கேள்வியும் வரும். குழுவே போட்டி போட்டுப் பதில் சொல்லும்.

ஆனால் அவர் எடை மட்டும் இறங்கிக்கொண்டே போனது. எனக்கு வயிறு எரிந்தது.

ஒருநாள் எல்லோரையும் அக்கா தன் கடைக்கு வரச் சொன்னார். சூளைக்காரரை நாங்கள் யாரும் அதுவரை நேரில் பார்த்ததில்லை. எடை மெஷின் நடுவில் காத்திருந்தது. முருங்கைக்காய் மாதிரி ஒருவர், தொளதொள சட்டையில் வந்து நின்றார்.

"சட்ட புடிக்கணுங்களா?" என்றார் அக்கா.

"நாந்தான் தங்கச்சி, சூளைக்காரன்."

"ஏறுங்கண்ணே" என்றார் அக்கா. தயங்கித் தயங்கி ஏறினார். இடுப்பில் கட்டியிருந்த துணி அவிழ்ந்து, பொம்மைக்குப் பிசைந்த களிமண் உருண்டைகள் தொப் தொப்பென்று விழுந்தன. கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.

அவர் குனிந்து மண்ணைப் பொறுக்கினார். "ஒல்லியா இருக்கறவன சேத்துக்க மாட்டாங்கன்னு சொன்னாங்க. அதான் இதக் கட்டிக்கிட்டு, வாரத்துக்கு ஒரு உருண்டையா கொறச்சிக்கிட்டே வந்தேன். எம்பொண்டாட்டி செத்த பொறவு சமைக்கவே தோணல தங்கச்சி. நீங்க தட்டப் பாக்கறீங்களேன்னுதான் அடுப்ப பத்த வைக்கிறேன். தூக்கிடாதீங்கம்மா."

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு அதட்டினார்: "நாங்க எறங்கணும், நீங்க ஏறணும். அதான் இனிமே சட்டம். ஏறலன்னா பாருங்க!"

ஏறினார். கன்னத்தில் கொஞ்சம் சதை கூடப் பிடித்தது. போன கோடையில் ஒரு மத்தியானம் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

அவருடைய கருமாதிக்குக் குழு முழுவதும் போனோம். பந்தியில் யாரும் யாரையும் தடுக்கவில்லை. நானும் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக்கொண்டேன். தனியாகச் சாப்பிட முடியாமல் தவித்த மனிதருக்காகப் போட்ட இலை. பாதியில் மூடிவிட்டு எழ எனக்கு மனம் வரவில்லை.