மின்கோ சாக மறுக்கிறார்

ஃபேஸ்புக்கா, இன்ஸ்டாகிராமா என்ற சண்டையில் ஒரு தட்டு பனிட்சா முழுக்கக் கருகிப்போனது.

"புகையைப் பாரு!" என்று கத்திக்கொண்டே கினா அடுப்பைத் திறந்தாள். பாலாடைக்கட்டியும் முட்டையும் வைத்து மடித்த அத்தனை அடுக்கும் கரியாகியிருந்தன.

"கருகட்டும். ஃபேஸ்புக்தான்," என்றார் அவள் கணவர் மின்கோ. "நம்மகிட்ட வாங்கறவங்க எல்லாம் மூக்குக்கண்ணாடி போட்டவங்க. அவங்க அங்கதான் உக்காந்திருக்காங்க."

"அவங்கதான் ஏற்கெனவே வராங்களே! வராதவங்களை வரவைக்கத்தான் விளம்பரம். இன்ஸ்டாகிராம்ல போடு. பனிட்சாவைப் பிட்டு, ஆவி பறக்கறதைக் காட்டு."

"அடுத்து டிக்டாக்ல ஆடச் சொல்லுவியா?"

"உன் முழங்காலுக்கு அது ஒண்ணுதான் குறைச்சல்."

ஏதாவது ஒன்றில்தான் காசு கட்டி விளம்பரம் போட முடியும். கையில் இருந்தது அவ்வளவுதான். வருகிற சனிக்கிழமை எதிர்வரிசையில் ஒரு பெரிய ரொட்டிக் கம்பெனி கண்ணாடிக் கடை திறக்கப்போகிறது. செவ்லியெவோ மாதிரி சின்ன ஊரில் காலைப் பனிட்சாவுக்கு இரண்டு கடை தாங்காது. மின்கோவின் அடுப்பு அணைந்தால், ஜெர்மனியில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டியதுதான். மகள் தங்கமானவள். ஆனால் அவள் வீட்டில் இருப்பது மின்சார அடுப்பு.

"அந்தப் பொத்தானை அமுக்கறதுக்கா நான் பிறந்தேன்? ஒரு கம்பெனி வந்தா நான் ஓடிடணுமா? மாட்டேன்!" என்றார் மின்கோ.

அன்று மாலை கினா கோயிலுக்கு மெழுகுவர்த்தி ஏற்றப் போன நேரத்தில், அவரே உட்கார்ந்து ஃபேஸ்புக்கில் விளம்பரம் போட்டுக் காசும் கட்டிவிட்டார். கடை திறந்த காலத்தில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். அடர்ந்த மீசை, தலை நிறைய முடி. படம் எடுப்பாகத் தெரியட்டும் என்று சுற்றிலும் கறுப்புக் கோடு. கீழே சுருக்கமாக: "மின்கோ. நாற்பது ஆண்டுகள். மறவாத அனைவருக்கும் நன்றி."

திரும்பி வந்த கினா அதைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"ஏன் மனுஷா, இது அஞ்சலித் தாள் மாதிரியே இருக்கே! கம்பத்துல, கதவுல, பஸ் நிறுத்தத்துல ஒட்டறோமே, அதே கோடு, அதே மூஞ்சி!"

"செத்து நாற்பது நாள்னு போட்டாத்தான் சாவு. நான் ஆண்டுன்னு போட்டிருக்கேன். படிக்கத் தெரிஞ்சவனுக்குப் புரியும்."

மறுநாள் காலையில் படிக்கத் தெரிந்தவர்கள் எல்லோரும் எழுதியிருந்தார்கள்.

"ஆண்டவர் அவரை மன்னிக்கட்டும்" என்று ஒருவர். இறந்தவர்களுக்குச் சொல்கிற வார்த்தை. அதன் கீழே அதே வார்த்தை, இன்னொருவர் பெயரில். அதன் கீழேயும் அதே. பக்கத்துக் கடையில் முடி வெட்டும் பென்யோ மட்டும் கொஞ்சம் நீளமாக எழுதியிருந்தான்: "நேற்று வரைக்கும் நன்றாகத்தான் இருந்தார். பூமி அவருக்குப் பஞ்சாக இருக்கட்டும்."

"நேத்து சாயங்காலம் இவன்கிட்டதான் சவரம் பண்ணிக்கிட்டேன்!" என்று குதித்தார் மின்கோ.

"அதுக்கப்புறம் உனக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு நினைச்சிருப்பான். கத்தி அவனோடதாச்சே, பயம் இருக்காதா?"

மின்கோ கடையின் பெயரில் பதில் எழுதினார்: "மின்கோ உயிரோடு இருக்கிறார்."

அடுத்த நிமிடமே தபால்கார அம்மாள் எழுதினாள்: "ஆமாம், நம் எல்லோர் நெஞ்சிலும்."

அதற்கு ஊரே இதயம் போட்டது. யார் யாரோ அந்த அஞ்சலியைப் பகிர்ந்தார்கள். மத்தியானத்துக்குள் மலைக்கு அந்தப் பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் அழுகை வந்தது.

"சரி, டிக்டாக்ல ஒரு வீடியோ போடு," என்றாள் கினா. "ஆள் அசைஞ்சாத்தான் நம்புவாங்க."

அடுப்பின் முன் நின்று மின்கோ பேச, அவள் எடுத்தாள். "நான் மின்கோ. எனக்கு ஒண்ணும் ஆகலை. எங்கேயும் போகவும் மாட்டேன். வெள்ளிக்கிழமை காலையில வாங்க, எல்லாருக்கும் பனிட்சா இலவசம்!"

குரல் கணீரென்றுதான் இருந்தது. ஆனால் மாவு படிந்து முகம் வெளுத்திருந்ததை இருவருமே கவனிக்கவில்லை. "கடைசியாக எடுத்த வீடியோ போலிருக்கிறது," என்று ஒரு பெண் எழுதினாள். "தன் நினைவு உணவுக்குத் தானே அழைத்துவிட்டுப் போயிருக்கிறார். என்ன மனசு!"

வெள்ளிக்கிழமை கூட்டம் வந்தது. எல்லாம் வெளியூர் முகங்கள். துண்டு துண்டாக வாங்கிக்கொண்டார்கள், சிலுவை போட்டுக்கொண்டார்கள், "ஆண்டவர் மன்னிக்கட்டும்" என்று முணுமுணுத்துவிட்டுத் தின்றார்கள். தின்றபின் காசு கொடுத்து வீட்டுக்கும் வாங்கினார்கள். யாராவது போய்ச் சேர்ந்தால்தான் இந்த ஊரில் இலவசமாக உணவு கொடுப்பார்கள் என்பது மின்கோவுக்குத் தட்டு காலியான பிறகுதான் உறைத்தது.

ஒரு பெண் நான்கு கார்னேஷன் பூக்களோடு வந்தாள். இரட்டைப்படை என்றால் அது கல்லறைக்குத்தான்.

"நீங்க அவருக்கு என்ன வேணும்?" என்று, ஃபேஸ்புக் படத்தை மட்டுமே பார்த்திருந்த அவள், மின்கோவின் வழுக்கைத் தலையைப் பார்த்துக் கேட்டாள்.

"ரொம்ப நெருக்கம்மா."

"ஒரு தடவை என் பையன் பனியில பஸ்ஸை விட்டுட்டான். இவர்தான் உள்ளே கூப்பிட்டு அடுப்போரம் உக்கார வெச்சு, சூடா ஒரு துண்டு கொடுத்தாராம். ஒரு வார்த்தை நன்றி சொல்ல வரணும் வரணும்னு இருந்தேன். இப்படி ஆயிடுச்சு."

அப்படி ஒரு பையன் மின்கோவுக்கு நினைவில்லை. செய்ததை மறந்துவிடும் வரத்தை ஆண்டவர் நல்லவர்களுக்குத் தருகிறார். வாங்கிக்கொண்டவர்களுக்கு அதைத் தருவதில்லை.

மின்கோ கொத்திலிருந்து ஒரு பூவை உருவி அவள் கையிலேயே கொடுத்தார். "இப்ப மூணு. மூணுன்னா உயிரோட இருக்கறவனுக்கு. புரியுதா? அது நான்தாம்மா!"

அவள் கினாவிடம் மெல்லச் சொன்னாள்: "பாவம், துக்கத்துல என்ன பேசறோம்னே தெரியலை. பார்த்துக்கோங்க."

மின்கோ நேராகக் கோயிலுக்கு ஓடினார்.

"சாமி, நீங்களுமா? உங்க பேர்லயும் எழுதியிருக்கே!"

ஒனூஃப்ரி பாதிரியார் தாடியைத் தடவினார். "ஆண்டவர் மின்கோவை மன்னிக்கட்டும்னுதானே எழுதினேன்? உயிரோட இருக்கறவனுக்கு மன்னிப்பு வேண்டாமா?"

"நாளைக்குக் கடைக்கு வந்து, நான் இருக்கேன்னு எல்லார்கிட்டயும் சொல்லுங்க, சாமி. எதிர்க்கடை திறக்கற நாள். செத்தவன் கடையில நாளான்னிக்கு யார் வந்து வாங்குவா?"

"வரேன்."

சனிக்கிழமை எதிர்க்கடை வாசலில் பலூன்கள் கட்டியிருந்தன, பாண்டு வாத்தியம் முழங்கியது. பாதிரியாரும் சொன்னபடியே வந்தார். காலைப் பூசையிலிருந்து நேராக வந்ததால் கறுப்பு அங்கி. கையில் புகைந்துகொண்டிருந்த தூபக்கலசம்.

அவ்வளவுதான். பலூனடியில் நின்றவர்கள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். வரிசை மருந்துக்கடையைத் தாண்டிப் போனது. வாத்தியக்காரர்கள் எதிரே ஆளில்லாமல் வாசித்துப் பார்த்தார்கள். பிறகு மரியாதைக்காக மெட்டை மெதுவாக்கினார்கள். கடைசியில் டிரம் அடிப்பவர் மட்டும் வந்து வரிசையில் நின்றார்.

கினா இரண்டு கையாலும் பனிட்சா வெட்டினாள். வெட்ட வெட்டத் தீர்ந்தது.

மின்கோவுக்கு இதற்கு மேல் பொறுக்கவில்லை. மாவு மூட்டை மேல் ஏறி நின்றார்.

"நல்லாப் பாருங்கய்யா! மீசை போச்சு, முடி போச்சு, ஆள் போகலை! நான் சாகலை! சாகச் சொன்னாலும் சாக மாட்டேன்! எதிர்ல ஒரு கடை இல்லை, ஒன்பது கடை வரட்டும், இந்த அடுப்பை நான் அணைக்க மாட்டேன். உங்க அழுகையில நான் பிழைக்க மாட்டேன். பூ கொண்டுவந்தவங்க திருப்பி எடுத்துக்கிட்டுப் போங்க! பனிட்சா வேணும்கறவங்க மட்டும் நில்லுங்க!"

தூபக்கலசத்தின் சங்கிலி மட்டும் கிணுகிணுத்தது. வரிசையிலிருந்து ஒருவரும் நகரவில்லை. பாதிரியார் தரையைப் பார்த்தார். தபால்கார அம்மாள் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் தோள்கள் குலுங்கின.

கழுத்தில் சவரத் துண்டோடு பென்யோ வரிசையிலிருந்து எட்டிப் பார்த்தான்.

"நீங்க சாகலைன்னு எங்களுக்கு முதல் நாளே தெரியும், மின்கோ அண்ணே, 'பனிட்சா பிரமாதம்'னு எழுதினா எவன் திரும்பிப் பார்க்கறான், அதான் தெருவே கூடிப் பேசி உங்களைச் சாகடிச்சோம்."